நான்காம் எண் கிணறு

ஆணையர் அறைக்கு வெளியே கிடந்த சோபாவில் பிரமநாயகி வந்து உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அந்த சோபாவுக்கு ஒரு குணம் உண்டு. உட்கார்ந்தவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கிக்கொள்ளும், எழுந்திருக்க ஆள் கைகொடுக்க வேண்டும். யாரையும் சீக்கிரம் எழுந்து போகவிடக் கூடாது என்று யோசித்துத்தான் வாங்கிப் போட்டார்களோ என்னவோ. எதிர்ச் சுவரில் மாநகராட்சிக்குக் கிடைத்த கேடயங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தூய்மைக்கு ஒன்று, பசுமைக்கு ஒன்று, நீர்நிலை காத்ததற்கு ஒன்று. மூன்றுக்கும் விண்ணப்பம் எழுதியது அவள்தான். எழுதும்போதே சிரிப்பு வந்தது, அதையும் அடக்கிக்கொண்டு எழுதினாள். இப்போது மடியில் இருந்த கோப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கோப்புக்குள் மேலாக ஒரு தாள், அடியில் ஒரு தாள். தருவைமேடு குப்பைக் கிடங்கின் கண்காணிப்புக் கிணறு எண் நான்கில் மாதிரி எடுக்காமலேயே பொய்யான அளவுகளை எழுதித் தந்த ஒப்பந்தப் பணியாளர் திரு. அ. சூசைமாணிக்கம் இன்று பிற்பகல் முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்பது மேல் தாள். நேற்று அவளே தட்டச்சு செய்தது. அடித் தாள் காலையில் வீட்டில், அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கையால் எழுதியது. நான்கே வரி. அந்த அளவுகள் என் வாய்மொழி உத்தரவின்பேரில் எழுதப்பட்டவை, முழுப் பொறுப்பும் என்னுடையது, பிரமநாயகி, சுற்றுச்சூழல் ஒருங்கிணைப்பாளர். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டில் எதை நீட்டப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. சூசைமாணிக்கத்துக்கோ இப்படி இரண்டு தாள் இருப்பதே தெரியாது. கீழே மாடிப்படி ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அவள் ஏறி வரும்போது வணக்கம் வேறு வைத்தான்.

ஒருங்கிணைக்கிறதுன்னா என்னம்மா என்று அவள் மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை கேட்டான். அன்றைக்கு ஏதோ பெருமையாகச் சொல்லி வைத்தாள். இன்றைக்குக் கேட்டால் உள்ளதைச் சொல்லலாம். சாக்கடைப் பிரிவிடம் கேள், தரமாட்டார்கள். குப்பைப் பிரிவிடம் கேள், தரமாட்டார்கள். பூங்காப் பிரிவிடம் கேட்டால், உங்களுக்கு எதுக்கு மேடம் அது என்பார்கள். கடைசியில் எல்லாரும் தந்துவிட்டதாக ஓர் அறிக்கை தயார் செய்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதற்குப் பெயர்தான் ஒருங்கிணைப்பு. தருவைமேட்டில் குப்பை மலையைச் சுற்றி ஐந்து கிணறு. கிணறு என்றால் வாளி விட்டு இறைக்கிற கிணறு இல்லை, பூமிக்குள் இறக்கிய ஒரு குழாய், மேலே பூட்டுப் போட்ட இரும்பு மூடி. குப்பையின் சாறு நிலத்தடித் தண்ணீரில் இறங்குகிறதா என்று பார்ப்பதற்காக. நான்காவது மட்டும் குடியிருப்பு இருக்கும் பக்கம். மற்ற நான்கும் முள்காட்டுக்குக் காவல். இரண்டே முக்கால் வருஷத்துக்கு முன்னால் குப்பை லாரி திரும்புவதற்கு வசதியாக மாநகராட்சியின் சாலைப் பிரிவு அந்தப் பக்கம் முழுக்கக் கல் பதித்தது, கிணற்று மூடியையும் சேர்த்து. வேலை முடிந்ததாக அவர்கள் அனுப்பிய கடிதத்தின் நகல் பிரமநாயகிக்கும் வந்தது. கோப்பில் சேர்க்க என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படித்தாளா? படித்திருந்தால் தெரிந்திருக்கும். கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டடத்தில் ஒரு தாள் நகராது. அந்த மாதக் கடைசியில்தான் சூசைமாணிக்கம் போன் செய்தான். அவள் அப்போது ஒரு கல்யாண மண்டப வாசலில், கையில் தாம்பூலப் பையோடு ஆட்டோவுக்காக நின்றாள், உள்ளே நாதஸ்வரம் போட்ட போட்டில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேச வேண்டியிருந்தது. "மேடம், நாலாம் நம்பர் அங்க இல்ல. கல்லு பதிச்சிருக்காவ. மூடி எங்கன இருக்குன்னே தெரியல" என்றான். வாரியத்தின் இணையப் பக்கத்தில் ஐந்து கட்டம். ஒன்றைக் காலியாக விட்டால் சிவப்பாகிவிடும், அறிக்கை போகாது. சைபர் போட்டாலும் போகாது. கிணறு இல்லை என்று எழுத அதில் இடமே கிடையாது, கிணறு காணாமல் போகும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றியிருக்காது. மறுநாள் கடைசித் தேதி. "போன தடவை உள்ளதையே போடு சூசை. அப்படியே போட்டாத் தெரிஞ்சுரும், ஒண்ணு ரெண்டு கூட்டிக் கொறைச்சுப் போட்டுரு" என்றாள். "சரி மேடம்" என்றான். ஆட்டோ வந்துவிட்டது.

அரை நிமிஷம் இருக்குமா? இருக்காது. அந்த அரை நிமிஷத்தைத்தான் மூன்று நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேறு மாதிரி பேசியிருக்கலாமோ என்று பார்க்கவில்லை, யாராவது பக்கத்தில் நின்றார்களா என்று பார்க்கிறாள். யாரும் இல்லை. அவள் கணவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். போனில் சொன்னது, எழுத்தில் இல்லை, சாட்சி இல்லை. இந்த நிம்மதி எவ்வளவு சீக்கிரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, விருந்தாளி மாதிரிகூட இல்லை, வீட்டு ஆள் மாதிரி. சீ என்று இருந்தது அவளுக்கு. அடுத்த காலாண்டும் அதேதான். அப்போது அவன் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. தண்ணீரின் பி.எச். அளவு ஏழு புள்ளி இரண்டு, ஏழு புள்ளி மூன்று, ஏழு புள்ளி ஒன்று, மறுபடியும் ஏழு புள்ளி இரண்டு. இல்லாத கிணறு பதினோரு காலாண்டாக மற்ற நான்கையும்விட ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்குதான் யாரோ ஒருவர் கண்ணை உறுத்தி, நீதிமன்றம் அமைத்த கமிட்டி நாளைக் காலை பத்து மணிக்கு நேரில் வருகிறது, ஐந்து கிணற்றையும் திறந்து காட்டவும் என்று மூன்று நாளைக்கு முன்னால் கடிதம் வந்துவிட்டது. நேற்று ஆணையரின் நேர்முக உதவியாளர் ராமசுப்பு அவளைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "யாராவது ஒருத்தர் பேர் வேணும் மேடம். வெறுங்கையோட அவுங்க முன்னாடி போய் நிக்க முடியாதுல்லா. பெர்மனென்ட் ஆளுன்னா விசாரணை அது இதுன்னு வருஷக்கணக்கா இழுக்கும். நான் யாரைச் சொல்லுதேன்னு உங்களுக்கே புரியும்." புரிந்தது. புரியாத மாதிரி இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்த் தட்டச்சு செய்தாள். மறுத்திருந்தால் அவள்மேல் ஒழுங்கு நடவடிக்கை, விதி பதினேழு பி. அந்த எண்ணுக்கு அரசு ஊழியன் எப்படிப் பயப்படுவான் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும், அதற்கு விளக்கம், அதன்மேல் விசாரணை, விசாரணை முடியாமலே ஓய்வு வயது. கட்டடப் பிரிவில் ஒருவரை ஓய்வு பெறுகிற நாளன்று சாயங்காலம் நாலேமுக்காலுக்கு சஸ்பெண்ட் செய்தார்கள். மாலை வாங்கி வைத்திருந்தது. மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் சங்கத்துக்காரர்கள் கையில் வைத்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள். அந்த மனிதர் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது எல்லாரும் அவரவர் மேசையில் எதையோ தேடினார்கள். அவளும் தேடினாள். அவளுக்கு இன்னும் மூன்று வருஷமும் இரண்டு மாதமும் இருக்கிறது.

ஏசியின் குளிர் முழங்காலில் இறங்கியது. தபேதார் கதவருகில் ஸ்டூலில் உட்கார்ந்து கைபேசியில் ஏதோ பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தார். உள்ளே யாரோ ஒப்பந்தக்காரர்கள், பேச்சு முடிகிற மாதிரி இல்லை. முடியாமலே இருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு. மதியத்துக்குள் கூப்பிடாவிட்டால் இன்றைக்குக் கையெழுத்து இல்லை, நாளைக்குக் கமிட்டி வந்து தானாகவே ஏதாவது ஆகட்டும். தானாகவே ஆகட்டும் என்று விட்டுவிட்டுத்தான் பேச்சித்தாய் வந்த நாளும் போனது. இதை நினைக்க வேண்டாம் என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள், நினைப்பு கடைசியில் அங்கேதான் வந்து நின்றது. ஏழு மாதம் இருக்கும். திங்கட்கிழமை குறைதீர் நாள். தருவைமேட்டிலிருந்து ஒருத்தி, முப்பது வயதுகூட இருக்காது, பேர் பேச்சித்தாய் என்று மனுவில் இருந்தது. குளிர்பான பாட்டில் ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். தேநீரில் பால் ஊற்றுவதற்கு முன்னால் இருக்குமே, அதில் பாதி நிறம். "அடிபம்புல வருதும்மா. ஆறு மாசமா இப்படித்தான். கொதிக்க வச்சாலும் மேல ஆடை மாதிரி நிக்கி. லாரித் தண்ணி வாரத்துக்கு ஒருக்கத்தான் வருது, எங்களுக்கு எப்படிப் பத்தும்?" என்றாள். பிரமநாயகிக்கு அன்றைக்கு முப்பத்தியிரண்டு மனு. கணினியில் அறிக்கையைத் திறந்து, கிணறு எண் நான்கு, ஏழு புள்ளி இரண்டு, எல்லாம் அளவுக்குள்தான் இருக்கு, பாரும்மா என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். அச்சடித்தும் கொடுத்தாள். அந்த நேரத்தில் அது பொய் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? தான் எழுதச் சொன்ன எண்ணைத் தானே நம்பினாள். மேலே மாநகராட்சி முத்திரையோடு கட்டத்துக்குள் பார்த்தால் எந்த எண்ணும் உண்மை மாதிரிதான் இருக்கும். பேச்சித்தாய் சண்டை போட்டிருக்கலாம். பாட்டிலைத் திறந்து மேசைமேல் ஊற்றியிருக்கலாம், வேறு ஊர்களில் அப்படிச் செய்திருக்கிறார்கள். அவள் அந்தத் தாளை வாங்கி, தலைகீழாகக்கூடப் பிடிக்காமல் சரியாகவே பிடித்துப் பார்த்துவிட்டு, முகம் தெளிந்துபோய்ச் சொன்னாள். "நீங்க சோதிச்சுப் பாத்திருக்கியள்ளா, அப்பம் சரிம்மா. பயந்துபோயிக் கிடந்தோம். சின்னதுக்கு மட்டும் கேன் தண்ணி வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். இனிமே இதையே குடுக்கலாம்." நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள். அவள் லிஃப்ட்டுக்குள் போன பிறகுதான் பிரமநாயகிக்கு நாதஸ்வரச் சத்தம் ஞாபகம் வந்தது. எழுந்து ஓடியிருக்கலாம். லிஃப்ட் மெதுவாகப் போகும், படியில் இறங்கினால் பிடித்துவிடலாம். அடுத்த மனு, அடுத்த மனு என்று ஒருவர் டோக்கனை நீட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் சூசைமாணிக்கத்தைக் கூப்பிட்டு, நாலாம் நம்பர் இன்னும் அப்படியேதான் கிடக்கா என்று கேட்டாள். "அதான் மூடிக் கிடக்குல்லா மேடம். கல்லப் பேக்கச் சொல்லி ஒரு லெட்டர் போட்டியன்னா நான் நின்னு எடுத்துருவேன்" என்றான். அடுத்த தடவை பார்ப்போம் என்றாள். சின்னதுக்கு என்ன வயது என்றுகூட அவள் கேட்கவில்லை.

கல்லைப் பெயர்க்க ஒரு கடிதம். பத்து வரி. அதை எழுதியிருந்தால் ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்குப் பயந்து எழுதவில்லை, எழுதாத ஒவ்வொரு நாளும் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. இதைத்தான் கோழைத்தனம் என்பார்கள். அவளுடைய ரகசியக் குறிப்பேட்டில் மேலதிகாரிகள் வருஷாவருஷம் நிதானமானவர், பொறுமையானவர் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். சூசைமாணிக்கம் பதினான்கு வருஷமாக இந்த வேலை பார்க்கிறான். முதல் கிணற்றுக்கும் ஐந்தாவது கிணற்றுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் நாற்றத்தில் நடக்க வேண்டும். அவன் ரப்பர் பூட்ஸ் கேட்டு எழுதிய மனு அவளிடம் இருந்தது, குப்பைப் பிரிவுக்கு அனுப்பினாள், அவர்கள் ஒப்பந்தப் பணியாளருக்கு வழங்க விதி இல்லை என்று திருப்பினார்கள், அவள் கோப்பில் சேர்த்தாள். பதினான்கு வருஷத்தில் அவன் பேருக்கு முன்னால் யாரும் திரு போட்டதில்லை. வருகைப் பதிவில் சூசை, போனில் சூசை, ஆணையர் ஆய்வுக்கு வந்தால் ஏய் சூசை. முதல்முதலாக அவனுக்குத் திரு கிடைத்தது நேற்று, அவள் தட்டச்சு செய்த தாளில். அதை அடிக்கும்போது விரல் ஒரு விநாடி நின்றது. நின்றதுதான், பிறகு அடித்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இவனை வேறு யார் எடுப்பார்கள்? பொய் அளவு எழுதியவன் என்று உத்தரவில் இருந்தால் தனியார் ஆய்வுக்கூடத்தில்கூடச் சேர்க்கமாட்டார்கள். மூத்த பெண் நர்சிங் படிக்கிறாள் என்று ஒருநாள் சொன்னான், அல்லது இரண்டாவது பெண்ணோ. மேடம் சொன்னதால்தான் எழுதினேன் என்று அவன் சொல்லிவிடுவானோ என்று முதல் நாள் பயந்தாள். இரண்டாம் நாள் அவன் சொல்லமாட்டான் என்று தெரிந்தது, அது இன்னும் மோசமாக இருந்தது. சொல்லிவிட்டால் மறுக்கலாம், சண்டை போடலாம், அவன்மேல் கோபமாவது வரும். சொல்லாத மனிதனை என்ன செய்வது? இல்லை, கொடுத்துவிடலாம். அடித் தாளை எடுத்து மேலே வை. மூன்று வருஷம் என்ன பெரிய மூன்று வருஷம். மகன் சம்பாதிக்கிறான், வீடு சொந்த வீடு, பட்டினி கிடக்கப்போவதில்லை. பட்டினிக்குப் பயந்துதான் இத்தனையும் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு வழி இல்லை. யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. சும்மா, ஒரு பேர் கெட்டுப்போகாமல் இருக்கவேண்டும் என்பதற்காக. நாடாவை அவிழ்த்தாள். அடித் தாளை உருவி மேலே வைத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ விட்டுப்போன மாதிரி, இரண்டு மூச்சு நன்றாக இழுத்து விட்டாள். பேச்சித்தாய் வீட்டுக்கும் நேராகப் போய்ச் சொல்லிவிடலாம், அந்தத் தாளைக் கிழித்துப் போடும்மா என்று.

"மேடம், கூப்பிடுதாவ" என்றார் தபேதார். ஒப்பந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். சோபாவிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கைப்பிடியை ஊன்றினாள், தபேதார் கைகொடுத்தார், கோப்பு சரிந்து இரண்டு தாளும் தரையில் விழுந்தன. பொறுக்கினாள். பொறுக்கும்போது எது மேலே வருகிறது என்று அவள் பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள், தட்டச்சுத் தாள் மேலே வரும்படி தானே அடுக்கினாள். பிறகு எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் அது தற்செயல் என்று சொல்லிக்கொள்ள முடியாது. உள்ளே ஆணையர் தொலைபேசியில் பேசிக்கொண்டே கையால் நாற்காலியைக் காட்டினார். அவள் மகனைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், நல்ல பிள்ளை, யாரையும் ஒருமையில் பேசமாட்டார். தாளை வாங்கி இரண்டு வரி படித்தார். "இந்த ஒருத்தர்தானா மேடம்?" என்றார். "ஆமா சார்." "இது முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?" கேள்வியில் சந்தேகம் எதுவும் இல்லை, கேட்டுவைக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டார். கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். இவ்வளவு நேரடியாக, இவ்வளவு மரியாதையாக அவளிடம் யாரும் உண்மையைக் கேட்டதில்லை. சொல்வதென்றால் அந்த இடம்தான். "தெரியாது சார்" என்றாள். சொல்லி முடித்த பிறகு அந்தக் குரல் எவ்வளவு இயல்பாக இருந்தது என்று கவனித்தாள். ஆணையர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அவள் கோப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த, கையால் எழுதிய தாளின் ஓரத்தைப் பார்த்து, "இது என்ன?" என்றார். "வேண்டாத டிராஃப்ட் சார்" என்று மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "உத்தரவு இன்னைக்கே அவர் கைக்குப் போயிரணும் மேடம்" என்றார். "நான் பாத்துக்கிடுதேன் சார்" என்றாள்.

வெளியே வந்ததும் முதலில் அவளுக்குப் பசித்தது. காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. டப்பாவில் எலுமிச்சைச் சாதம் இருக்கிறது, ஊறுகாய் வைத்தோமா இல்லையா என்று யோசித்தபடி படிக்கட்டுக்கு வந்தாள். தன்னை அந்த நிமிஷம் அவள் வெறுத்த மாதிரி வாழ்நாளில் யாரையும் வெறுத்ததில்லை, ராமசுப்புவைக்கூட. ஆனால் பசித்தது. சூசைமாணிக்கம் கீழ்ப்படியிலிருந்து நாலு படி ஏறி வந்தான். அவன் முகத்தில் அவளுக்காக ஒரு கவலை இருந்தது. "ஏசுனாவளா மேடம்?" என்றான். இல்லை என்று தலையசைத்தாள். அவனுக்கு நிம்மதி. "நான் பயந்துக்கிட்டே நின்னேன். உங்களை ஏதாவது சொல்லிருவாவளோன்னு." கோப்பை அவள் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இப்போது கொடுத்துவிடலாம், ஒரு தாள்தான், கையில் வாங்கிக்கொண்டு படித்துப் பார்ப்பான். இல்லை, தபாலில் அனுப்பலாம், பதிவுத் தபாலில் போனால் நாளை மறுநாள் கிடைக்கும், கமிட்டியிடம் உத்தரவின் நகலைக் காட்டினால் போதும். "நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும் மேடம்?" என்று கேட்டான்.

"ஒம்பது மணிக்கு வந்துரு" என்றாள்.

"எட்டரைக்கே வந்துருதேன். பெரிய ஆளுக வார இடம், நாம முன்னாடியே நின்னாத்தான் உங்களுக்கு மரியாதையா இருக்கும்" என்றான். அவள் இறங்கிப் போக வசதியாகச் சுவரோடு ஒதுங்கி நின்றான்.